பாய்மரமும் ஸ்டே கம்பியும்: வாசகர் கேள்வி – பதில்

பாய்மரப் படகைச் சொந்தமாக வைத்து நெடுந்தூரம் பயணிக்கும் வாசகர்கள் சிலரும், கரையிலிருந்தே ஆர்வத்தோடு கவனிக்கும் வாசகர்கள் சிலரும் பாய்மரத்தைப் பற்றியும் அதைப் பிடித்து நிற்கும் ஸ்டே கம்பிகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 1980களில் கட்டப்பட்ட 38 அடிப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு லங்காவியில் வாங்கினேன். மரத்தைத் தாங்கும் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டவை என்பது விற்றவருக்கே தெரியவில்லை. பார்வைக்குப் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரேயடியாகவா?
— வாசகர், அலோர் ஸ்டார்

பதில்: மாற்றத்தான் வேண்டும், எல்லாவற்றையும்தான் மாற்ற வேண்டும். பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் தெருவில் மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி துத்தநாகம் பூசிய இரும்பு. கெடும்போது சிவந்து துருப்பிடித்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரியும்படிதான் கெடும். உங்கள் படகில் இருப்பதோ 316 ரக எவர்சில்வர். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆக்சிஜனால் அதன் மேல் உண்டாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். உப்புநீர் தேங்கி, காற்றும் நுழையாத இடுக்கில் அந்தப் படலம் அழிந்தால் மறுபடி உண்டாவதில்லை. அதன்பின் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெளியே முகம் பார்க்கலாம் போல மின்னிக்கொண்டிருக்கும் கம்பி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறுவது இதனால்தான். பத்து ஆண்டு என்று காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் வைத்திருக்கும் கணக்கு கறாரான விதி அல்ல; ஆனாலும் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் குறையாத உங்கள் பகுதியில் அதைத் தாண்டிப் போவதற்கு நான் துணிய மாட்டேன். வயதே தெரியாத கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பழுது பெரும்பாலும் கம்பியின் நடுவில் வருவதில்லை, முனையில் வருகிறது. முனையை ஒரு குழாய்க்குள் செலுத்தி எந்திர அச்சில் அழுத்திப் பிடிக்கும் ஸ்வேஜ் என்ற பொருத்துதான் பெரும்பாலான படகுகளில் இருக்கிறது. மழைநீரும் உப்பும் கம்பி வழியே இறங்கிக் கீழ்முனைக் குழாயின் வாயில் தேங்குவதால், மேல்முனையைவிடக் கீழ்முனை முந்திக் கெடும். என் படகில் இடப்பக்கக் கீழ்க் கம்பியின் ஸ்வேஜில் முடி அளவு கீறல் ஒன்று நெடுக்காக ஓடியிருந்ததை, கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். கம்பிக்கு வயது ஏழுதான். செய்துகொடுத்த பட்டறையில் அச்சில் நேராக வைத்து அழுத்தாமல் விட்டதால், அந்தக் குழாய் வாழைப்பழம் போல லேசாக வளைந்திருந்தது. புதிய கம்பி வந்ததும் ஒவ்வொரு ஸ்வேஜின் மேலும் இரும்பு அளவுகோலை வைத்து நேர் பாருங்கள். வளைந்ததைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏற்கனவே இருக்கும் கம்பியைச் சோதிக்கப் பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்று போதும். கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே தடவினால், அறுந்த இழை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே துணி மாட்டி இழுபடும். வெறுங்கையால் தடவினால் துணிக்குப் பதில் விரல் கிழியும். இந்தக் கம்பி முறுக்கப்பட்டிருக்கும் பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது.

புதிதாகப் போடும்போது மேல்முனைக்கு ஸ்வேஜும், கீழ்முனைக்கு ஸ்பானர் கொண்டு நாமே முடுக்கும் ஸ்டா-லாக் போன்ற பொருத்தும் வைப்பது என் வழக்கம். கம்பியின் வெளி இழைகளைப் பிரித்து, உள்ளிழைகளின் மேல் சிறு கூம்பு ஒன்றைச் செருகி, வெளி இழைகளை அதன் மேல் மறுபடி படியவைத்து முடுக்கினால் அது கவ்விக்கொள்ளும். பட்டறை இல்லாத தீவிலும் இரண்டு ஸ்பானரை வைத்து இதைச் செய்துவிடலாம். படகிலேயே நீளமான கம்பியின் அளவில் ஒரு கம்பியையும் சில கூம்புகளையும் மாற்றுக்கு எடுத்துச் சென்றால், எது அறுந்தாலும் அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.

கம்பியை மாற்றிவிட்டு, அது கட்டப்பட்டிருக்கும் செயின்பிளேட் என்ற பட்டையைப் பார்க்காமல் விடுவது பலரும் செய்யும் பிழை. டெக் என்ற மேல்தளத்தை ஊடுருவிச் செல்லும் இடத்தில் அந்தப் பட்டை ஈரப் பலகைக்குள் புதைந்து கிடக்கிறது. நான் மேலே சொன்ன இடுக்கு அரிப்புக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. டெக்கின் அடிப்புறத்தில் தேநீர்க் கறை போல ஒழுகிய தடம் தெரிந்தால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். நாற்பது ஆண்டுப் படகில் தடம் தெரியாவிட்டாலும் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

மரத்தை நிறுத்தி வைத்தபடியே, அசைவில்லாத துறைமுகத்தில், பாயை ஏற்றும் ஹாலியார்டு கயிறுகளைத் தற்காலிகத் தாங்கலாக இழுத்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக மாற்றலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். இருந்தாலும் கிரேனுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். மரத்தை இறக்கித் தாங்கு சட்டங்களின் மேல் கிடத்தினால் அதன் அடிப்பாகம், உள்ளே ஓடும் மின்கம்பி, உச்சியிலுள்ள கப்பி எல்லாவற்றையும் கண்ணெதிரே பார்க்கலாம். மரத்தில் ஏறுவதற்குப் படிகள் பொருத்தும் எண்ணம் உண்டென்றால் அதையும் அப்போதே, தரையில் நின்றபடி முடித்துவிடலாம்.

கேள்வி: எவர்சில்வருக்குப் பதிலாக டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றைப் போட்டால் எடையும் குறையும், நாமே முடிந்துகொள்ளவும் முடியும் என்கிறார்கள். வெப்ப மண்டலத்தில் அது தாங்குமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: எடை குறையும் என்பது முழு உண்மை. 8 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் எடை கொண்டது. அதைவிடப் பருமனான 10 மில்லிமீட்டர் டைனீமா மீட்டருக்கு 60 கிராம் அளவுதான். நூறு மீட்டர் கம்பி கொண்ட படகில் 30 கிலோவுக்குப் பதில் 6 கிலோ. தண்ணீரில் போட்டால் மிதக்கும் கயிறு அது. மரத்தின் உச்சியிலிருந்து குறையும் ஒவ்வொரு கிலோவும் அடியில் ஈயம் சேர்த்ததற்குச் சமம் என்பதைப் படகோட்டியவர்கள் உடலாலேயே அறிவார்கள்.

தாங்குமா என்பதற்கு வருவோம். அறுந்துவிடுமோ என்பதல்ல இதில் கவலை. அதே பருமனுள்ள எவர்சில்வரைவிட அது பலமானது. ஓயாமல் இழுபடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பச் சுருங்காதபடி நீண்டுகொண்டே போகும் என்பதுதான் கவலை. இழுவிசை கூடக்கூட நீட்சி கூடும். வெப்பம் கூடினாலும் கூடும். எனவே பருமனைத் தேர்ந்தெடுக்கும்போது அறுபடும் பலத்தைப் பார்க்காமல், நிலையான இழுவிசை அந்தப் பலத்தில் மிகச் சிறிய பங்காக இருக்கும்படி ஒன்றிரண்டு அளவு பெரிதாகவே எடுக்க வேண்டும். டைனீமாவிலேயே இந்த நீட்சி குறைந்த ரகங்கள் தனியே கிடைக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு ரகத்தை வாங்கி மரத்தைக் கட்டக் கூடாது.

இன்னொரு விந்தையையும் கவனியுங்கள். வெயிலில் அலுமினிய மரம் நீள்கிறது; டைனீமாவோ சூட்டில் லேசாகச் சுருங்குகிறது. அதனால் உச்சி வெயிலில் விறைப்பாக இருக்கும் கட்டு, குளிரில் தளரும். சிங்கப்பூரில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு சிறிது என்பதால் தொல்லை குறைவு. அங்கே இறுக்கிய படகைத் தாஸ்மானியாவுக்கு ஓட்டிச் சென்றால் மறுபடி இறுக்க நேரும்.

முடிச்சு போட்டால் இந்தக் கயிற்றின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். கயிற்றின் முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே செலுத்திப் புதைத்துக் கண்ணி செய்வதுதான் முறை. புதைக்கும் நீளம் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது பொதுவான அளவு. 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அது 72 சென்டிமீட்டர் வருகிறது. கைக்குப் பழகிய பிறகு ஒரு கண்ணிக்கு அரைமணி நேரம் போதும். உராய்வும் நெருப்பும் இதன் எதிரிகள். ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் என்பதால், பக்கத்தில் அரவை எந்திரம் வைத்து வேலை செய்பவர்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

என் பரிந்துரை இது: முன் ஸ்டேயில் பாய் சுருட்டும் உருளை இருந்தால் அதற்குள் உராயும் இடத்தில் எவர்சில்வரே இருக்கட்டும். பின் ஸ்டேயையும், தேவைக்கு மாட்டிக் கழற்றும் துணைக் கம்பிகளையும் முதலில் டைனீமாவுக்கு மாற்றி ஓராண்டு பழகுங்கள். பக்கக் கம்பிகளைப் பற்றி அதன்பின் முடிவு செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கயிற்றில் உராய்ந்த இடம் பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்பதை அருகில் போய்ப் பார்த்தால்தான் அறியமுடியும். எவர்சில்வரைவிட டைனீமா போட்ட மரத்தில் அடிக்கடி ஏற வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மனைவியும் நானும் மட்டுமே பயணிக்கிறோம். எனக்கு 64 வயது, எடை 80 கிலோ. நான் தொங்கு நாற்காலியில் உட்கார, அவர் வின்ச் என்ற கயிறு சுற்றும் உருளையைச் சுழற்றி என்னை மேலே தூக்குவார். தோள்வலி வந்த பிறகு அவரால் முடியவில்லை. மரத்தில் படிகள் பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். காற்றுத் தடையாகும், கயிறு சிக்கும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள்.
— வாசகர், டார்வின்

பதில்: பொருத்துங்கள். உங்கள் மனைவி இத்தனை நாள் செய்த வேலை எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்ப்போம். 40 மடங்கு விசை தரும் வின்ச்சில் உங்களை 15 மீட்டர் தூக்க, அவருடைய கை கைப்பிடியோடு 600 மீட்டர் சுற்றியாக வேண்டும். கைப்பிடியின் நீளம் 25 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 380 சுற்று. உச்சிக் கப்பியின் உராய்வு இதற்கு மேல். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

மின்சார வின்ச் வாங்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் செவிகொடுக்காதீர்கள். ஆளைத் தூக்கும் வேலையில் அதன் பொத்தான் சிக்கிக்கொண்டால், மேலே இருப்பவர் கப்பியில் போய் இடிக்கும்வரை அது இழுக்கும். நான்கு மடங்குக் கப்பித் தொகுதியைக் கொண்டு உங்களை நீங்களே இழுத்துக்கொள்ளலாம். 15 மீட்டருக்கு ஐந்து மடிப்பாக 75 மீட்டர் கயிறு வேண்டும், உச்சியை எட்டும்போது கை ஓய்ந்திருக்கும். மலையேறுவோர் பயன்படுத்தும் கவ்விகளை விறைத்த கயிற்றில் மாட்டி, உட்கார்ந்தும் எழுந்தும் புழுவைப் போல ஏறும் முறை உடல் வலுவுள்ளவர்களுக்கு மிக நல்லது. பெரிய பாயின் தடத்தில் ஏற்றும் நாடா ஏணியும் உண்டு. ஆனால் அதை ஏற்றுவதற்குப் பாயைக் கழற்ற வேண்டும் என்பதால், நடுக்கடலில் அவசரத்துக்கு உதவாது.

நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பந்தயப் படகில் நான் படி பொருத்த மாட்டேன். இருவர் மட்டும் வாழும் பயணப் படகில், காற்றுத் தடையால் இழக்கும் சிறு வேகத்தைவிட நினைத்தபோது ஏறமுடிவது பெரிது. கயிறு சிக்குவதைக் குறைக்க முக்கோணமாக மூடிய படிகளை வாங்குங்கள். படிகளின் வெளி ஓரங்களைத் தொட்டபடி மேலிருந்து கீழ்வரை மெல்லிய கயிறு ஒன்றை விறைப்பாகக் கட்டினால், ஆடும் ஹாலியார்டு உள்ளே நுழைந்து மாட்டாது.

படிக்குப் படி 40 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். இடைவெளியைக் கடையில் முடிவு செய்யாமல், உங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காலைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். 64 வயது முழங்காலுக்கு 5 சென்டிமீட்டரும் பெரிய வேறுபாடு. 14 மீட்டருக்கு 33 படிகள் அளவில் வரும். உச்சிக்கு ஒன்றேகால் மீட்டர் கீழே மட்டும் இரண்டு படிகளை ஒரே மட்டத்தில் வையுங்கள். அங்கே இரண்டு காலையும் ஊன்றி நின்றால் விளக்கும் கப்பியும் மார்புக்கு நேரே இருக்கும். இந்த இரட்டைப் படி இல்லாமல் ஒற்றைக் காலில் நின்று திருகாணி முடுக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் இரண்டு படிகளைக் கழற்றக்கூடியதாக வைத்துக்கொண்டால், துறைமுகத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள் என்ற அச்சம் இல்லை.

படிக்கு நான்கு ஆணி என்றால் மரத்தில் 130க்கும் மேற்பட்ட துளைகள் விழும். ஸ்ப்ரெடர் எனப்படும் குறுக்குக் கைகள் மரத்தோடு சேரும் இடத்திலும், அதிக விசை விழும் பிற இடங்களிலும் துளையிடாதீர்கள். ஆணியாக மோனல் என்ற நிக்கல்–செம்புக் கலவை ரிவெட்டைப் பயன்படுத்துங்கள். அலுமினியமும் வேறு உலோகமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும் என்பதால், ஒவ்வொரு ரிவெட்டுக்கும் படிக்கு அடியிலும் டியூராலாக் போன்ற தடுப்புப் பசையைத் தாராளமாகத் தடவுங்கள்.

படி இருந்தாலும் கயிறு இல்லாமல் ஏறவே கூடாது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் கச்சையை அணிந்து, ஹாலியார்டை அதில் போலைன் முடிச்சாகவே கட்டுங்கள். இழுத்தால் திறக்கும் ஷேக்கிள் கொக்கியை நம்பி யாரும் தொங்கக் கூடாது. கீழே உங்கள் மனைவி தளர்ந்த கயிற்றை மட்டும் வின்ச்சில் சுற்றி எடுத்துக்கொண்டே வந்தால் போதும். உங்கள் எடை படியில் இருப்பதால் அவருடைய தோளுக்கு வேலை இல்லை. கயிற்றைக் கவ்வும் ஜாமரை மட்டும் நம்பாமல், வின்ச்சிலிருந்து வரும் முனையைக் கயிறு கட்டும் கொம்பிலும் (கிளீட்) கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகு அவர் மரத்தடியில் நிற்க வேண்டாம். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்பானர் டெக்கையே துளைக்கும்; ஒவ்வொரு கருவியையும் மெல்லிய கயிற்றால் கச்சையோடு கட்டுங்கள்.

கடலில் ஏறுவது தனிக்கதை. டெக்கில் நிற்பவருக்குப் பொருட்டாகவே தெரியாத 10 டிகிரி ஆட்டம், 15 மீட்டர் உயரத்தில் இருப்பவரைப் பக்கத்துக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் வீசும். மார்பளவில் மரத்தைச் சுற்றி ஒரு பட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கை தவறினாலே ஊசல் குண்டு போல மரத்தில் வந்து மோதுவீர்கள்.

கேள்வி: கம்பியின் விறைப்பை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. விரலால் தட்டிப் பார்த்து இறுக்கலாமா?
— வாசகர், பினாங்கு

பதில்: தட்டிப் பார்த்து மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கலாம். மரத்துக்கு ஒரு நாடாவும் பொறுமையும் வேண்டும். கம்பியைக் கையால் இறுக்கிய நிலையில் அதில் சரியாக 2 மீட்டர் அளந்து குறியிடுங்கள். அதன்பின் கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள் திருகைத் திருகும்போது, அந்த 2 மீட்டர் ஒரு மில்லிமீட்டர் நீண்டால், அறுபடும் பலத்தில் 5 விழுக்காடு இழுவிசை ஏறியிருக்கிறது என்று பொருள். உச்சிக்குச் செல்லும் பக்கக் கம்பிகளுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். பத்தொன்பது இழை எவர்சில்வருக்கு மட்டுமே இந்தக் கணக்கு; டைனீமாவுக்குச் செல்லாது. இடமும் வலமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு பக்கமும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். பிறகு நல்ல காற்றில் படகு 20 டிகிரி சாயும்போது, காற்று வராத பக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடாமல் இருந்தால் சரி.

கேள்வி: இந்தியப் படகோட்டி அபிலாஷ் டோமியின் படகில் மரம் ஒடிந்ததே, அதற்கும் பழுதான கம்பிதான் காரணமா? மரம் ஒடிந்தால் என்ன செய்வார்கள்?
— மாணவி, நாகப்பட்டினம்

பதில்: இல்லை. 2018 செப்டம்பர் 21 அன்று, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி அவருடைய துரியா படகு புரண்டது. அதில்தான் மரங்கள் ஒடிந்தன. முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்த அவரைச் செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. புரளும் படகின் மரத்துக்கு எந்தக் கம்பியும் உத்தரவாதம் தராது. அவர் 2022இல் மீண்டும் அதே பந்தயத்துக்குப் போய், பயானத் என்ற படகில் 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்ததும் நீங்கள் அறிந்ததே. துரியா, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968–69இல் நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய சுஹைலியின் மாதிரியில் கட்டப்பட்டது. சுஹைலியோ பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட படகு. அதே 1968 பந்தயத்தில் பெர்னார் முவாதெசியே ஓட்டிய ஜோஷுவாவின் மரங்கள் தந்திக் கம்பங்கள்! ஸ்டே கம்பிக்கு நான் மின்கம்பத்தை உவமை சொன்னது அவ்வளவு தொலைவானதல்ல.

மரம் ஒடிந்து விழுந்தால் முதல் ஆபத்து, கம்பிகளில் தொங்கியபடி நீரில் மிதக்கும் ஒடிந்த துண்டு அலைக்கு அலை படகின் பக்கத்தை ஓங்கிக் குத்துவது. ஓட்டை விழும் முன் கம்பிகளை அறுத்துவிட வேண்டும். 8 மில்லிமீட்டர் எவர்சில்வரை அறுக்க நீண்ட கைப்பிடிக் கத்திரியோ ரம்பமோ வேண்டும். ஆடும் டெக்கில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். டர்ன்பக்கிளை மாட்டியிருக்கும் பின் என்ற ஊசியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது சில வேளைகளில் விரைவானது. டைனீமாவை, விறைப்பாக இருந்தால், பல்வைத்த கத்தியால் சில நொடிகளில் அறுக்கலாம். மேலே சிங்கப்பூர் வாசகருக்குச் சொல்ல விட்டுப்போன அனுகூலம் இது.

கேள்வி: மரத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், திருகோணமலை

பதில்: ஒவ்வொரு நெடும்பயணத்துக்கும் முந்தைய நாள் ஒருமுறை; போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒருமுறை. படியோ ஏணியோ இருப்பவர்கள் இதைச் செய்கிறார்கள். நாற்காலியும் தூக்கிவிட ஆளும் தேட வேண்டியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். அதனால்தான் கம்பிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஏறும் வழிக்கும் ஒதுக்கச் சொல்கிறேன்.

ஏறும்போதே பாருங்கள், இறங்கும்போது களைப்பில் கண் தப்பும். ஸ்ப்ரெடரின் நுனியில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டு நழுவியிருக்கிறதா, அதைச் சுற்றிய தோலுக்குள் பச்சையாக ஈரம் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சிக் கப்பியைக் கையால் சுழற்றுங்கள். அது சுழலாமல் கயிறு மட்டும் வழுக்கினால், அதே கயிற்றில்தான் நீங்கள் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பிகளை மாட்டியிருக்கும் ஒவ்வொரு கிளெவிஸ் பின் ஊசியிலும், அது கழலாமல் காக்கும் ஸ்பிலிட் பின் இருக்கிறதா, அதன் இரு கால்களும் விரிந்திருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணுங்கள். சட்டைப் பையில் நாலைந்து புதிய ஸ்பிலிட் பின்களும் ஒரு சிறு இடுக்கியும் இருக்கட்டும். அவை இல்லாமல் ஏறிய நாளில்தான் ஒன்று காணாமல் போயிருக்கும்.